குரல் எனும் அமானிதம்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்துக் கல்லாமைக்கு ஒன்று வகுத்தார். அதன்பின் கேள்விக்கென்றே தனியாக ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணால் கற்பதைப் போலவே செவியால் பெறுவதும் அறிவுக்குரிய வழியே என்பதில் நம் முன்னோர்க்கு ஐயம் இருந்ததில்லை. சீறாப்புராணத்தை ஒருவர் படிக்க, மற்றொருவர் பொருள் கூற, ஊரார் கூடியிருந்து கேட்ட சபைகளை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள்.

ஆயினும், நாவல் என்னும் இலக்கிய வடிவம் தோன்றியபோது நிலைமை மாறியது. அது அச்சு இயந்திரத்தின் பிள்ளை. தனியறையில், தனியொருவர், வாய்திறவாமல் படிப்பதற்கென்றே அது வளர்ந்தது. அதனால்தான் ஒரு நாவலை ஒலிநூலாகக் கேட்டவர், "அதைப் படித்துவிட்டேன்" என்று இன்று சொன்னால், கற்றறிந்தோர் சிலர் புருவத்தை நெரிக்கின்றனர். கேட்டது படித்ததாகுமா? ஆசிரியருக்கும் நமக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு குரல் நுழைந்துவிட்டதே; அந்தக் குரல் நல்லது, அல்லது என்று எதைக்கொண்டு தீர்ப்பது?

இவ்வினாக்களுக்குப் புதிய கோட்பாடு எதையும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கதையைக் காதால் மட்டுமே பெற முடிந்த மக்கள் கடந்த இரு நூற்றாண்டுகளில் பல நாடுகளில் வாழ்ந்தனர். தமக்குக் கதை வாசித்தவர்களை அவர்கள் எவ்வாறு எடைபோட்டனர் என்னும் வரலாறே போதிய விடையைத் தருகிறது.

காப்பிக்கடையும் வேலியோரச் சிறுவனும்

எட்வர்ட் லேன் என்னும் ஆங்கில அறிஞர் எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய நூல் 1836-இல் வெளிவந்தது. அக்காலக் கெய்ரோ நகரத்துக் காப்பிக்கடைகளில் கதை சொல்லிப் பிழைத்தவர்களை அவர் மூன்று வகையாகப் பிரித்துக் கணக்கிட்டிருக்கிறார். முதல் வகையினர் 'ஷாயிர்'கள். ஏறத்தாழ 50 பேர். இவர்கள் அபூ ஸைதின் வீரக்கதையை நூலைப் பாராமல், ரபாப் என்னும் நரம்பிசைக் கருவியின் துணையோடு சொன்னவர்கள். அடுத்த வகையினர் 'முஹத்தித்'கள். ஹதீஸ்கலை வல்லுநரைக் குறிக்கும் அதே சொல் அங்கே கதைசொல்லியையும் குறித்தது. ஏறத்தாழ 30 பேரான இவர்கள் சுல்தான் பைபர்ஸின் கதையை நூலும் இசையும் இன்றிச் சொன்னார்கள். மூன்றாம் வகையினர் அந்தராவின் கதையைச் சொன்னவர்கள்; இவர்கள் ஏறத்தாழ 6 பேர்தாம். நூலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவர்கள் இவர்களே.

இக்கணக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. நூலை விட்டு விலகிக் கதையைத் தன் வசமாக்கிக்கொண்டவருக்குச் சந்தை பெரிது. நூலில் உள்ளதை உள்ளவாறு படித்தவருக்குச் சந்தை சிறிது. காப்பிக்கடையில் கூடியிருந்தோர் கேட்க விரும்பியது சொல்பவரின் திறமையையே. கடைக்காரர் தந்த சிறு தொகையும் கேட்டவர்கள் மனமுவந்து கொடுத்ததுமே அவருடைய வருமானம். எனவே அவர்களின் முகக்குறிப்பே அவருக்கு நீதிமன்றம்.

லேன் எழுதிச் சுமார் 60 ஆண்டுகள் கழித்து, மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில், கண்பார்வை இழந்த சிறுவன் ஒருவன் மாலைதோறும் வீட்டு வேலியில் சாய்ந்து நின்று அதே அபூ ஸைதின் கதையைக் கேட்டான். கூடியிருந்தோர் உணர்ச்சிவயப்பட்டு, ஓர் இடத்தைத் திரும்பச் சொல்லுமாறு கேட்பார்கள், தமக்குள் வாதிடுவார்கள், அவர்கள் ஓயும்வரை கதைப்பாடகர் காத்திருந்து, பிறகு தொடர்வார். கதை முடியுமுன் தமக்கை வந்து சிறுவனை உள்ளே தூக்கிச் சென்றுவிடுவாள். அச்சிறுவனே 20-ஆம் நூற்றாண்டு அரபு இலக்கியத்தின் பெருந்தூணாக விளங்கிய தாஹா ஹுஸைன் (1889–1973). 'அல்-அய்யாம்' என்னும் தம் வாழ்க்கைக் கதையை அவர் இந்த வேலியோரக் காட்சியிலிருந்தே தொடங்குகிறார்.

திருக்குர்ஆனை மனனம் செய்து, அல்-அஸ்ஹரில் பயின்று, தம்மைப் போலவே பார்வையற்றவரான கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரியைப் பற்றி ஆய்ந்து 1914-இல் கெய்ரோவில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அதன்பின் பிரான்சு சென்றார். அங்கு மோன்பெலியே நகரில் 1915-இல் ஸுஸான் என்னும் பெண்மணி அவருக்குப் பிரெஞ்சு இலக்கியங்களை வாசித்துக் காட்ட முன்வந்தார். பின்னர் அவருக்கு வாழ்க்கைத் துணைவியும் ஆனார். பேரறிஞராய், நாவலாசிரியராய், 1950 முதல் 1952 வரை எகிப்தின் கல்வி அமைச்சராய் விளங்கிய ஒருவர், தம் வாழ்நாளில் கற்ற நூல்களைப் பெரும்பாலும் பிறர் குரல் வழியாகவே கற்றார்; எழுதிய அத்தனையையும் வாயால் சொல்லியே எழுதுவித்தார். கேட்பது படிப்பாகாது என்பவர்கள், தாஹா ஹுஸைன் நூல் படித்தவரல்லர் என்று சொல்லத் துணிவார்களா?

சுருட்டுத் தொழிற்சாலையின் மேடை

நாவல்களையே நாள்தோறும் கேட்டு, வாசிப்பவரைத் தாமே தேர்ந்தெடுத்து, தம் கூலியிலிருந்தே அவருக்குச் சம்பளமும் கொடுத்த மக்களைக் காண, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கியூபாவுக்குச் செல்ல வேண்டும்.

1865-இல் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தோன்றியது. சுருட்டுச் சுற்றுபவர்களுக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். எனவே உயரமான மேடை ஒன்றில் 'லெக்தோர்', அதாவது வாசிப்பாளர், அமர்ந்து வாசிக்கலானார். செய்தித்தாளோடு நாவல்களும் வாசிக்கப்பட்டன. செர்வாந்தெஸ், விக்தோர் யூகோ, துய்மா, ஸோலா ஆகியோரின் படைப்புகளை எழுத்தறியாத தொழிலாளரும் அறிந்திருந்தனர். அரசாங்கத்துக்கு இது அச்சத்தைத் தந்தது; அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆட்சியாளர் இதற்குத் தடை விதித்தனர். தடை நீடிக்கவில்லை. தொழிலாளர் பின்னர் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தபோது வாசிப்பாளரையும் உடன் அழைத்துச் சென்றனர். 1935-இல் ஹவானாவில் பிறந்த புகழ்பெற்ற சுருட்டு வகை ஒன்று, துய்மாவின் நாவல் நாயகனான மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் பெயரையே தாங்கி நிற்கிறது.

புளோரிடாவின் டாம்பா நகரில் வாசிப்பாளர் பதவி கேட்டு வந்தவர் முதலில் தொழிலாளர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த நாவலை வாசிப்பது என்பதையும் வாக்கெடுப்பே முடிவு செய்தது. வாசிப்புப் பிடித்திருந்தால், இலை வெட்டும் 'சாவேத்தா' என்னும் சிறு கத்தியால் எல்லோரும் பலகையைத் தட்டுவார்கள், அதுவே கைதட்டல். ஒலிபெருக்கி இல்லாத காலம். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த கூடம். ஆகவே ஓங்கிய குரலும், பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றும் ஆற்றலும், ஏறக்குறைய ஒரு நடிகருக்குரிய திறனும் அங்கே தேவைப்பட்டன. 1931-இல் டாம்பாவின் முதலாளிகள் வாசிப்பாளர்களை வெளியேற்றினர். அவர்கள் இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. கியூபாவில் மட்டும் அம்மரபு அறுபடாமல் தொடர்கிறது.

இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸும் 1858 முதல் 1870 வரை கட்டணம் பெற்றுத் தம் நாவல்களைத் தாமே மேடையில் வாசித்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆனால் அவர் நாவலை முழுமையாக வாசிக்கவில்லை. மேடைக்கேற்பச் சுருக்கியும் வெட்டியும், அழுதும் சிரித்தும் நடித்துக் காட்டினார்.

கெய்ரோவின் காப்பிக்கடை, டாம்பாவின் கூடம், டிக்கன்ஸின் மேடை ஆகிய மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. மூன்று இடத்திலும் கேட்டவர்கள் கூட்டமாக இருந்து கேட்டார்கள். கூட்டத்தின் கவனத்தைக் கட்டிப்போட நடிப்பு வேண்டும். ஒருவன் தனியே, தன் அறையில், அமைதியாக இருந்து ஒரு நாவல் முழுவதையும் கேட்டால் எத்தகைய குரலை விரும்புவான்? இதற்கான விடை, பேசும் நூல் பிறந்த பிறகே உலகுக்குத் தெரியவந்தது.

பேசும் நூல்

தாமஸ் எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே, அதன் பயன்களைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பார்வையற்றோருக்குப் பேசும் நூல்கள் என்பது அப்பட்டியலில் முன்வரிசையில் இடம்பெற்றது. 10 அங்குலச் சதுரத் தகடு ஒன்றில் 40,000 சொற்கள் கொண்ட நூலை அடக்கிவிடலாம் என்றும் அவர் நம்பினார். ஆனால் நடைமுறையில் இசைத்தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களுக்கு மேல் ஓடவில்லை. ஒரு பாட்டுக்கு அது போதும். ஒரு நாவலுக்குப் போதாது. எடிசனின் கனவு நனவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதனை விரைவுபடுத்தியது முதல் உலகப்போர். போர்க்களத்தில் கண்ணிழந்து திரும்பிய இளைஞர் பலருக்கு, வளர்ந்த வயதில் பிரெயில் எழுத்தை விரலால் தடவிக் கற்பது கடினமாக இருந்தது. இங்கிலாந்தில் இம்முயற்சிக்கு முன்னின்ற இயன் பிரேஸர், 1916-இல் ஸோம் போர்க்களத்தில் தாமே பார்வையை இழந்தவர். அமெரிக்காவில் முன்னின்ற ராபர்ட் இர்வினும் பார்வையற்றவரே. 1934-இல் அமெரிக்காவிலும் 1935-இல் இங்கிலாந்திலும் பேசும் நூல்கள் வெளிவந்தன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் அமெரிக்கத் தட்டின் ஒரு பக்கம் 15 நிமிடம் பேசியது; 24 சுற்று ஓடும் ஆங்கிலேயத் தட்டு 25 நிமிடம் பேசியது. நெடுநேரம் ஓடும் இசைத்தட்டுப் பொதுச் சந்தையில் நிலைபெற்றது 1948-இல்தான். ஆக, பார்வையுடையோருக்குக் கிடைப்பதற்கு 14 ஆண்டுகள் முன்னதாகவே பார்வையற்றோர் அந்நுட்பத்தைப் பெற்றுவிட்டனர்.

ஹெலன் கெல்லர் அம்மையார் தொடக்கத்தில் இத்திட்டத்தை ஆதரிக்கவில்லை. பொருளாதார நெருக்கடியால் பார்வையற்றோர் வேலையின்றித் தவிக்கும்போது பேசும் நூல் ஓர் ஆடம்பரம் என்று கருதினார். பின்னர் மனம் மாறி, 1935-இல் அரசின் உதவியைப் பெற முன்னின்று பாடுபட்டார். அவ்வுதவியால், வேலையற்றிருந்தோரைக் கொண்டே 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் செய்யப்பட்டன. அந்தக் கருவிகளின் ஒரு சொல்லையேனும் கேட்க முடியாதவர் அம்மையார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் உருகுகிறது.

பதிப்பாளர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: இத்தட்டுகள் பார்வையற்றோருக்கு மட்டுமே உரியவை. இந்நிபந்தனையால் ஓர் எதிர்பாராத நன்மை விளைந்தது. பேசும் நூலின் முதல் தலைமுறைத் திறனாய்வாளர்கள் முழுவதும் பார்வையற்றவர்களாகவே அமைந்தார்கள். வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டால், அச்சு நூலைப் புரட்டிச் சரிபார்க்க அவர்களால் இயலாது. அந்தக் குரல்தான் அவர்களுக்கு நூல். ஆகவே அவர்களுடைய தீர்ப்புக்கு, பொழுதுபோக்காகக் கேட்பவரின் தீர்ப்பைவிடக் கனம் அதிகம்.

தொடக்கத்தில் நாடகப் பாணியிலும் ஒலிக்குறிப்புகளைச் சேர்த்தும் பதிவு செய்து பார்த்தனர். கேட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பியதோ நேரான வாசிப்பையே. நடிப்பதை நிறுத்தி, நூலைப் படியுங்கள் என்பதே அவர்கள் கருத்தின் சாரம். அவர்களின் அன்பைப் பெற்ற வாசிப்பாளர்களுள் தலையாயவர் அலெக்ஸாண்டர் ஸ்கோர்பி (1913–1985). மேடை நடிகராயிருந்தும், நாடகத்தனத்தைக் குறைத்து, தெளிவும் நிதானமும் கொண்ட குரலில் 400-க்கும் மேற்பட்ட நூல்களை அவர் வாசித்தார். அக்காலத்தில் நேராகத் தட்டிலேயே பதிவாகும். பிழை நேர்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். பிற்காலத்தில், வாசிப்பவர் ஒருவர், எதிரே மூலநூலை வைத்துச் சொல்லுக்குச் சொல் கண்காணிப்பவர் ஒருவர், முடிந்தபின் முழுவதையும் கேட்டுச் சரிபார்ப்பவர் ஒருவர் என மூவர் பொறுப்பேற்கும் முறை உருவாயிற்று.

இந்தத் தீர்ப்பு நம் வாசகர்களுக்கு வியப்பளிக்காது. 1934-இல் எகிப்திய வானொலி தொடங்கியபோது அதில் முதலில் ஓதியவர் பார்வையற்ற காரியான ஷைகு முஹம்மது ரிஃப்அத். இசைநயம் பெருக ஓதும் 'முஜவ்வத்' முறையையும், பொருள் விளங்க நிதானமாக ஓதும் 'முரத்தல்' முறையையும் வேறுபடுத்தி அறிந்த செவிகள் அங்கிருந்தன. 1961-இல் ஷைகு மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் குரலில் திருக்குர்ஆன் முழுவதும் முதன்முதலாகப் பதிவாகி வெளிவந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்டது முரத்தல் முறையே. இறைவேதத்தையும் மனிதன் புனைந்த நாவலையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று. சபையில் கேட்பதற்கு ஒரு குரலும், முழுமையாகத் தொடர்ந்து கேட்டுப் பயில்வதற்கு வேறொரு குரலும் தேவை என்பதைச் செவி தானாகவே உணர்ந்துகொள்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

எடைபோடும் முறை

இங்கிலாந்தில் 1935-இல் முதன்முதலாகப் பதிவானவற்றுள் இரண்டு கதைகள், வாசிப்பவருக்கு வைத்த தேர்வுகளாகவே அமைந்துவிட்டன.

ஒன்று ஜோசப் கான்ராடின் 'டைபூன்'. சீனக் கடலில் புயலில் சிக்கிய கப்பலின் கதை. புயலைக் குரலால் காட்டிவிடலாம் என்று கத்துபவர் இதில் தோற்பார். ஏனெனில் கதையின் மையம் மெக்விர் என்னும் அதிகம் பேசாத கப்பல் தலைவர். புயலின் உச்சத்தில், மனைவி மக்களை இனிக் காணப்போவதில்லை என்று அவர் எண்ணியதுண்டு. அதைத் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அம்மையாரோ கடிதத்தை அலட்சியமாகப் புரட்டி, அந்த வரியைக் காணாமலே விட்டுவிடுகிறார்! மோசமான வாசிப்பு எத்தகையது என்பதைக் கான்ராட் கதைக்குள்ளேயே எழுதிக் காட்டியிருக்கிறார். அந்த இடத்தில் அவசரப்படும் வாசிப்பாளர், அம்மையாரின் பிழையைத் தாமும் செய்தவராவார்.

மற்றொன்று அகதா கிறிஸ்டி 1926-இல் வெளியிட்ட 'ரோஜர் அக்ராய்ட்' கொலைக்கதை. அதில் கதையைச் சொல்பவர் நம்மிடமிருந்து ஒன்றை மறைத்துக்கொண்டே சொல்கிறார். வாசிக்கும் குரலுக்கு அந்த இரகசியம் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் கதை கெடும். சூதறியாத அப்பாவியின் குரலில் படித்தால் ஆசிரியர் வைத்த நுட்பமான குறிப்புகள் அழியும். எழுத்தில் உள்ள அளவே சொல்லி, அதற்கு மேல் சொல்லாமலிருக்கும் கட்டுப்பாடு அங்கே வேண்டும்.

இவ்விரண்டினின்றும் ஒரு பொது உண்மை விளங்கும். அச்சுப் பக்கம் பலவற்றை முடிவு செய்யாமல் விட்டுவைக்கிறது. குரலோ ஒவ்வொன்றையும் முடிவு செய்தே தீர வேண்டும். நம் மொழியிலேயே இதற்குச் சான்று உண்டு. 'பாத்திமா' என்று அச்சிலிருப்பதைக் கண் கடந்துவிடும். நாவோ அதை எவ்வாறு ஒலிப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) என்னும் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் மக்களின் பேச்சுவழக்கு அதன் உயிர்நாடி. அவ்வழக்கைக் காதால் கேட்டறியாதவர், எவ்வளவு இனிய குரலுடையவராயினும், அதைப் படித்தால் பொருள் நிற்கும், ஊர் மறைந்துவிடும்.

எனவே வாசிப்பாளரை எடைபோடும்போது நாம் கேட்க வேண்டியவை நான்கு. நூலைக் குறைக்காமல் முழுமையாகத் தந்தாரா? பெயர்களையும் வட்டாரச் சொற்களையும் உரியவாறு ஒலித்தாரா? வாக்கியத்தின் பொருள் எங்கே திரும்புகிறதோ அங்கே அவரது குரலும் திரும்பியதா? கேட்பவர் தாமே உணர வேண்டியதை அவருக்கு விட்டுவைத்தாரா? குரலின் இனிமை இவற்றுக்குப் பின்னரே வரும்.

சந்தையும் இயந்திரமும்

பிற்காலக் கதை சுருக்கமானது. 1952-இல் நியூயார்க்கில் இரு இளம்பெண்கள் தொடங்கிய கேட்மன் நிறுவனம், எழுத்தாளர்களின் சொந்தக் குரலைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. 1975-இல் கலிபோர்னியாவில் டுவால் ஹெக்ட் என்பார், கார்ப் பயணத்தின் சலிப்பைப் போக்க முழு நூல்களை ஒலிநாடாவில் வாடகைக்கு விடத் தொடங்கினார். 1995-இல் ஆடிபிள் நிறுவனம் தோன்றியது. ஒலிநூல் பின்னர் கைப்பேசிக்குள் புகுந்தது. பார்வையற்றோரின் பொருளாக இருந்தது உலகச் சந்தையின் பொருளாயிற்று. புகழ்பெற்ற நடிகர்களின் பெயர் நூலாசிரியர் பெயருக்கு நிகராக அச்சிடப்படுகிறது. தனியே கேட்பவனின் காதில், கூடத்துக்குரிய நடிப்பு மீண்டும் ஒலிக்கிறது.

இதற்கு நேர்மாறாக, 2023-இல் ஆப்பிள் நிறுவனம் இயந்திரக் குரல் வாசித்த நூல்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இயந்திரம் களைப்பதில்லை; வரியை விழுங்குவதும் அரிது. பார்வையற்ற வாசகர் பலர், குறுக்கிடாத குரல் என்பதற்காகவே திரைவாசிப்பானின் தட்டையான குரலை விரும்பி, அதனை மிக விரைவாக ஓடவிட்டும் கேட்கின்றனர். யாரும் வாசித்துப் பதிவு செய்யாத நூலுக்கு அந்தக் குரலே கதவைத் திறக்கிறது. அதனை இகழ்வது அறமாகாது. ஆயினும் மெக்விரின் கடிதத்தில் எந்த வரி தாழ்ந்த குரலில் சொல்லத்தக்கது என்று உணர்ந்து வாசிக்க, அந்தக் கப்பலில் மனத்தால் பயணம் செய்த ஒருவர் வேண்டும்.

சட்டம் இன்று வழிவிட்டிருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ள இடமளித்தது. பார்வையற்றோர் நூல்களைப் பெறுவதற்கான மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானபோது, 2014-இல் அதனை முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. ஆகவே குறை சட்டத்தில் இல்லை. குரல் கொடுக்க முன்வருவோரின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. கண்டி சித்திலெப்பை 1885-இல் வெளியிட்ட 'அஸன்பே சரித்திர'மும், நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா'வும், மீரானின் நாவல்களும், அந்தந்த மண்ணின் ஒலியறிந்த நாவுகளால் முழுமையாக வாசிக்கப்பட வேண்டும்.

பிறர் பொருளைப் பெற்று, குறையாமலும் கூட்டாமலும் உரியவரிடம் சேர்ப்பதை நாம் அமானிதம் என்கிறோம். நாவலை வாசிப்பவர் கையில் ஆசிரியரின் சொல் இருக்கிறது. எதிரே, அவரையன்றி வேறு வழியில்லாத ஒரு செவி காத்திருக்கிறது. அந்தச் செவிக்கு உரியது முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்பதே வாசிப்பவரை நிறுக்கும் தராசு.